தண்ணீர் தந்தவர்கள் போன பிறகு



நம் பீலியில் வழிந்தோடும் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று யோசித்ததுண்டா? கான் வழியாக ஓடைக்கும், ஓடை கொத்மலை ஓயாவுக்கும், அது மகாவலிக்கும் போகிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. வழியில் அதிலிருந்து பிரியும் கிளைதான் வெருகல் ஆறு. அந்த ஆற்றங்கரையில்தான் சித்திரவேலாயுத சுவாமி கோயில் இருக்கிறது.

ஒரு வருசம் எங்கள் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து அந்தத் திருவிழாவுக்குப் போனோம். பக்கத்துக் கிராமமொன்றில் தாகத்துக்கு நின்றோம். ஒரு வயதான அம்மா கைப்பம்பு அடித்துத் தண்ணீர் தந்தார். பழைய பம்புதான், ஆனால் ஒரு சொட்டு ஒழுகவில்லை. கேட்டதற்கு, "இதப் போட்டுத் தந்த ஆக்கள் எப்பவோ போயிற்றாங்க மகன். வாசர் தேஞ்சா நாங்கதான் மாத்துறம்" என்றார். இந்தப் பாடம் அந்த அம்மா சொன்னதைப் பற்றியதுதான்.

வெருகல் பட்ட பாடு

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது கிழக்குக் கரையோரக் கிணறுகளில் கடல்நீர் புகுந்தது. 2006இல் யுத்தத்தால் வெருகல் பகுதி மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். 2007இல் திரும்பத் தொடங்கினார்கள். கிழக்கில் தேவாலய அமைப்புகளும் வெளிநாட்டு நிறுவனங்களும் கிணறு துப்புரவாக்கவும் தண்ணீர் வசதி செய்யவும் வந்தன. நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் கடற்கரை மணலில் உப்புத் தண்ணீரின் மேலே நல்ல தண்ணீர் மிதந்து நிற்கும். அவசரப்பட்டு மெசினால் நிறைய இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே ஏறிவிடும். பசிபிக் கடலின் கிரிபட்டித் தீவுகளிலும் இதே கதைதான். கடைசியில் மாரி மழைதான் கிணறுகளை மெல்ல மெல்லக் கழுவியது. உதவி செய்பவருக்கும் அந்த மண்ணைப் பற்றிய அறிவு வேண்டும்.

ஜால்னாவில் கற்ற பாடம்

1960களில் இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் கடும் வரட்சி. ஜால்னா என்ற ஊரில் இருந்த ஸ்கொட்லாந்து சபை மிஷனரிமார் பாறையைத் துளைத்து ஆழ்கிணறு போட்டார்கள். தண்ணீர் வந்தது. ஆனால் மேலே பூட்டிய வார்ப்பிரும்புப் பம்புகள் அடிக்கடி உடைந்தன. ஏன்? அவை வெளிநாட்டுப் பண்ணை வீடொன்றில் ஒரு குடும்பம் பாவிப்பதற்கு ஆனவை. இங்கேயோ ஒரு ஊரே காலை முதல் இரவு வரை அடித்தது!

அதனால் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் பட்டறைகளில் உறுதியான உருக்குப் பம்பு செய்யத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து, 1970களில் இந்திய அரசும் யுனிசெப்பும் சேர்ந்து 'இந்தியா மார்க் 2' பம்பை உருவாக்கின. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் பரீட்சித்துப் பார்த்தார்கள். சென்னையில் உற்பத்தி நடந்தது. கைபிடியோடு சங்கிலி இணைத்ததால் உள்ளே உள்ள கம்பி கோணாமல் நேராக ஏறி இறங்கியது. இன்று பல நாடுகளில் இந்தப் பம்பு இருக்கிறது.

ஆனால் நல்ல பம்பு மட்டும் போதவில்லை. தமிழ்நாட்டில் மூன்று படியாக ஆட்களை வைத்தார்கள். கிராமத்தில் பம்பைக் கவனிக்க ஒருவர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், பெரிய பழுதுக்கு மாவட்டத்தில் வண்டியோடு ஒரு குழு. பொறுப்பு யாருடையது என்று முதலிலேயே தெரிந்திருந்தது.

நம் பக்கம் நடந்தது

எங்கள் பிரிவு லயத்துக்கு ஒருமுறை வெளியார் உதவியால் தாங்கியும் பைப்பும் கிடைத்தன. மாலை போட்டோம், போட்டோ எடுத்தோம். பிறகு தாங்கி மூடி உடைந்தது. தொரை பார்ப்பார் என்று ஆட்கள் இருந்தார்கள், தலைவர் சொல்வார் என்று நாங்கள் இருந்தோம். நோட்டில் 'பிறகு பார்ப்போம்' என்று எழுதியதும் நாங்கள்தான். மழை வந்தது, இலையும் அழுக்கும் உள்ளே போயின. ஒரே வாரத்தில் ஏழு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். இரண்டு வயதுப் பிள்ளையொன்றை நடுச்சாமத்தில் லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிள்ளை பிழைத்தது. ஆனால் வழி முழுக்க அந்தத் தாய் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மூடிக்கு எவ்வளவு சீமெந்து வேண்டும்? அதைச் செய்யாததற்கு நாங்களும் பொறுப்பு.

இந்த மாதமே செய்வோம்

1. ஒவ்வொரு லயத்திலும் தண்ணீருக்குப் பொறுப்பாக இரண்டு பேரைத் தெரிவு செய்யுங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். தண்ணீர் சுமப்பவருக்குத்தான் பழுது முதலில் தெரியும்.
2. ஊற்றுக்கு மேலே மாடு கட்டவோ, மலசலம் கழிக்கவோ, மருந்து டின் கழுவவோ விடாதீர்கள். சுற்றி வேலி போடுங்கள்.
3. தாங்கி கழுவ மாதத்தில் ஒரு நாளைக் குறியுங்கள். மூடியைப் பாருங்கள்.
4. வீட்டுக்கு வீடு சிறு தொகை சேர்த்து வாசர், பைப், டெப் வாங்க வையுங்கள்.
5. தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டே பிள்ளைகளுக்குக் கொடுங்கள். வயிற்றோட்டம் கண்டால் ஜீவனி கரைத்துக் கொடுத்து, தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இன்று இரவு வீட்டில் பேசிப் பாருங்கள்: நம் தாங்கியின் மூடியைக் கடைசியாக யார் பார்த்தார்? நாளைக்கு பைப் உடைந்தால் முதலில் யாரிடம் போவோம்? இதற்குப் பதில் தெரியாவிட்டால், அந்தப் பொறுப்பை எடுக்க வேண்டியவர்கள் நாமேதான்.