பிரிட்டனிலிருந்து ஊரில் ஒரு குழந்தைகள் இல்லம்: முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து தமிழ்நாட்டில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு உதவ நினைத்தால், முதல் கூட்டத்தில் அமைப்பின் பெயரும் லோகோவும்தான் பேச்சாக இருக்கும். வேலை தொடங்க வேண்டியது மறுமுனையில்.

முதலில் இல்லத்தின் காகிதங்கள்

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் இல்லாத இல்லத்துக்கு ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு சேர்ந்திருக்க வேண்டும். "ஏழைப் பிள்ளைங்க, நாங்களே கூட்டிட்டு வந்தோம்" என்று பதில் வந்தால் நடையைக் கட்டுங்கள்.

பணம் போகும் பாதை

இல்லத்தை நடத்தும் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டுப் பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் விழ வேண்டும். அங்கிருந்து உள்ளூர்க் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓர் அறக்கட்டளை வாங்கி இன்னொன்றுக்குக் கைமாற்றவும் முடியாது. அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

"தம்பி ஊருக்குப் போறான், கையில குடுத்துவிடலாம்" என்று யாராவது கட்டாயம் சொல்வார். கைக்காசும் உண்டியல் வழி அனுப்பும் பணமும் இல்லத்தின் பதிவுக்கே உலை வைத்துவிடும்.

பிரிட்டன் பக்கம்

குறைந்தது 3 அறங்காவலர்கள் இருப்பது நல்லது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டினால் அறக்கொடை ஆணையத்தில் பதிய வேண்டும். வரி கட்டுகிறவர் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 'கிஃப்ட் எய்ட்' வழியாக 25 பென்ஸ் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கான படிவத்தை நன்கொடை தரும் அன்றே வாங்கிவிடுங்கள். வெளிநாட்டுக்குப் போன பணம் அறப்பணிக்கே செலவானதா என்று வரித்துறை கேட்கலாம். மளிகை ரசீது வரை கோப்பில் இருக்கட்டும்.

மாதா மாதம் வரும் செலவு

அரிசி, பருப்பு, காஸ் சிலிண்டர், மருந்து, வார்டன் சம்பளம், சமையல் அக்கா சம்பளம். ஜூன் வந்தால் நோட்டு, சீருடை, ஷூ. பிறந்தநாளுக்குப் பிரியாணி போட எப்போதும் ஆள் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை ரசத்துக்கும் வார்டன் சம்பளத்துக்கும் கிடைக்காது. அதனால் மாதம் 10 பவுண்டு ஸ்டாண்டிங் ஆர்டர் போடுகிறவர்களைத் தேடுங்கள். வருடாந்தர டின்னரில் சேரும் தொகை கையிருப்பாக இருக்கட்டும். பவுண்டு இறங்கிய மாதத்தில் அரிசிக்கடைக்காரர் விலையைக் குறைக்க மாட்டார்.

தலைக்கணக்கில் வாங்காதீர்கள்

"ஒரு பிள்ளைக்கு ஒரு ஸ்பான்சர்" என்ற திட்டத்தில் பணம் சுலபமாகச் சேரும். ஆனால் இல்லங்களில் பல பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். நலக் குழு ஒரு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் அந்தப் பணமும் நிற்கும். பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்ள இல்லத்துக்கு ஆசை வரும். நன்கொடையை இல்லத்தின் பொதுச் செலவுக்கென்றே வாங்குங்கள். வீடு திரும்பிய பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் ஒரு பங்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் பெயரையும் படத்தையும் வெளியிடுவதை சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. நன்கொடையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் செய்திமடலில் சமையலறையும் கட்டடமும் கணக்கும் போதும்.