சூளைக்காரன் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஐஸ் பெட்டி

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளோடு இருபது வருடம் கழித்தவன் நான். 1,200 டிகிரி சூட்டை வெளியே விடாமல் அடைத்து வைப்பது என் தொழில். கடலோடு எனக்கிருக்கும் ஒரே உறவு ஒரு நண்பன். எங்கள் ஊரில் பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே உள்ள அரசுப் பயிலகத்தில் என்னோடு டிப்ளமோ படித்தவன். படிப்பு முடிந்ததும் கடலூர் தேவனாம்பட்டினத்துக்குத் திரும்பி, அப்பாவின் ஃபைபர் படகை எடுத்துக்கொண்டான்.

ஒரு மே மாதம் அவனிடமிருந்து போன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களில் ஃபைபர் படகு மீனுக்கு நல்ல கிராக்கி. ஆனால் அக்கினி நட்சத்திரமும் அப்போதுதான்.

"மாப்ள, கரைக்கு வரதுக்குள்ள சங்கராவுக்குக் கண்ணு குழிஞ்சுபோவுது. ஏலத்துல பாதி விலைக்குக் கேக்குறாங்க. போட்ல வைக்க ஒரு ஃபிரிட்ஜ் பாத்து சொல்லுடா."

அன்று தொடங்கி இரண்டு சீசன் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். படகு வைத்திருப்பவர்களுக்கும், கடலூரிலிருந்து மீன் எடுத்து வந்து உள்ளூரில் விற்பவர்களுக்கும் பயன்படும்.

பேட்டரியைக் கேட்டுவிட்டு ஃபிரிட்ஜைக் கேளுங்கள்

முதலில் 12 வோல்ட்டில் ஓடும் ஒரு சிறிய கூல் பாக்ஸ் வாங்கினோம். கம்ப்ரசர் கிடையாது, விலை குறைவு. பெல்டியர் முறையில் குளிரூட்டும் பெட்டி அது. இந்த வகை, வெளியே இருக்கும் சூட்டைவிட ஏறக்குறைய 20 டிகிரிதான் குறைத்துக் கொடுக்கும். வெளியே 38 என்றால் உள்ளே 18. தண்ணீர் பாட்டிலுக்கு அது போதும், மீனுக்குப் போதாது. மீன் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். நாலைந்து ஆம்பியர் கரண்டை இடைவிடாமல் இழுத்து, மூன்றாம் நாள் விடியும் முன்பே பேட்டரியைக் காலி செய்துவிட்டது. ஜி.பி.எஸ். அணைந்து போனது. கரை விளக்கு கண்ணுக்குத் தெரிந்ததால் தப்பித்து வந்தார்கள்.

கம்ப்ரசர் வைத்த 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நன்றாகவே குளிரூட்டும். ஆனால் நம் வெயிலில் சிறியது கூட ஒரு நாளைக்கு 50 ஆம்பியர்-அவர் வரை கேட்கும். 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆக ஒரு பேட்டரி ஒரு நாளைக்குச் சரி. என்ஜினில் சார்ஜ் ஏறும் வசதி இல்லாத படகில் இது நடக்காது. வீட்டு ஃபிரிட்ஜைப் படகில் ஏற்றும் எண்ணமே வேண்டாம். ஆட்டத்துக்கும் சாய்வுக்கும் ஏற்ற கம்ப்ரசர் அதில் இல்லை. உப்புக்காற்று குழாய்களை அரித்துவிடும்.

எந்தப் பெட்டி வாங்கினாலும் ஜி.பி.எஸ்., வயர்லெஸ், விளக்கு இவற்றுக்குத் தனி பேட்டரி வையுங்கள். மீன் போனால் மறுநாள் பிடிக்கலாம்.

சுவரின் கனம்

சூளைக்கு உள்ளடுக்காக வைக்கும் இன்சுலேஷன் செங்கல்லைக் கையில் எடுத்தால் ரஸ்க் மாதிரி லேசாக இருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே முழுக்கப் பொடிப்பொடித் துளைகள். அந்தத் துளைகளில் சிக்கிய காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. ஐஸ் பெட்டியின் சுவரிலும் அதே வேலைதான், திசைதான் வேறு. சூளையில் சூடு வெளியே போகக் கூடாது; பெட்டியில் உள்ளே வரக் கூடாது.

இதை நண்பனுக்குக் காட்ட, ஒரே அளவில் இரண்டு பெட்டிகளை என் வீட்டுத் திண்ணையில் வைத்தேன். ஒன்று ஒரு அங்குலத் தெர்மாகோல். மற்றது இரண்டு அங்குல பஃப் (பாலியூரித்தேன் நுரை) அடைத்த பிளாஸ்டிக் பெட்டி. இரண்டிலும் பத்துப் பத்துக் கிலோ ஐஸ். ஒரு நாள் முழுக்க மூடியைத் தொடவில்லை. மறுநாள் உருகிய தண்ணீரை அளந்தோம். தெர்மாகோல் பெட்டியில் ஒரு கைப்பிடி ஐஸ்தான் மிச்சம். பஃப் பெட்டியில் ஐந்து லிட்டர் தண்ணீர்கூட இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு கிலோ ஐஸ் போயிற்று என்று பொருள். புதுப் பெட்டி வாங்கும் எவரும் இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரி சூட்டை வாங்கிக்கொள்ளும். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர 25 கிலோகலோரி அளவுதான் தேவை. மீனைக் குளிர வைக்க மட்டும் என்றால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஐஸ் போதும். ஆனாலும் நம் பக்கத்தில் கிலோவுக்குக் கிலோ ஐஸ் போடச் சொல்வது சுவர் வழியாகவும் மூடி வழியாகவும் வரும் சூட்டுக்காக. சுவர் மெலிந்தால் அந்தச் செலவு தினமும் உங்கள் கையிலிருந்து போகும்.

மூடியும் துளையும்

சூளையில் சூடு கசிவது பெரும்பாலும் கதவோரத்தில். பெட்டியில் மூடியோரத்தில். கடையிலேயே ஒரு துண்டுக் காகிதத்தை மூடியிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். நாலு பக்கமும் இப்படிப் பார்க்க வேண்டும். அடியில் தண்ணீர் வடியும் துளையும் இறுகும் அடைப்பும் அவசியம். மீன் அழுக்குத் தண்ணீரில் ஊறினால் ஐஸ் இருந்தும் கெடும். ஓட்டில் வெடிப்பு விட்டு பஃப் நனைந்துவிட்டால் பெட்டி வெறும் சுமைதான். நிறம் வெள்ளையாக இருக்கட்டும்.

ஒரு பெரிய பெட்டியைவிட இரண்டு நடுத்தரப் பெட்டிகள் நல்லது. ஒன்றைத் திறக்கும்போது மற்றது மூடியிருக்கும், இரண்டு பேர் தூக்கி இறக்கவும் முடியும். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் தனியாக ஒரு சிறிய பெட்டி. படகில் யாராவது இன்சுலின் போடுபவராக இருந்தால் மருந்தைத் துணியில் சுற்றி அதில் வையுங்கள். ஐஸைத் தொட்டு உறைந்தால் வீணாகிவிடும்.

ஐஸ் போடும் முறை

முதல் நாள் இரவே கொஞ்சம் ஐஸ் போட்டுப் பெட்டியைக் குளிர வையுங்கள். அடியில் கட்டி ஐஸ், அது நின்று உருகும். மீனைச் சுற்றி உடைத்த ஐஸ், அது சட்டென்று குளிர வைக்கும். ஐஸ், மீன், ஐஸ் என்று அடுக்குங்கள். சூரை, காணாங்கெளுத்தி வகைகளைப் பிடித்த உடனே ஐஸில் போடுவது கட்டாயம். சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் ஊறும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தலைவலி வரும்.

கரை சேர்ந்ததும் பெட்டியை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி, மூடியைத் திறந்து காய வையுங்கள். உடைந்த தெர்மாகோலைக் கடலில் எறியாதீர்கள். அது மணி மணியாகச் சிதறும், மீன் தின்னும்.

விடியலில் போய் அன்றே திரும்பும் ஃபைபர் படகுக்கு, இரண்டு அங்குல பஃப் சுவரும் இறுகும் மூடியும் உள்ள ஐஸ் பெட்டியே போதும். ஃபிரிட்ஜ் தேவையில்லை. அடுத்த சீசனிலிருந்து என் நண்பன் படகில் அப்படி இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. அவன் சங்கரா இப்போது கண் தெளிவாகத்தான் ஏலத்துக்கு வருகிறது.