ஒப்பு நோக்கும் உள்ளம்

தாமிரபரணிக் கரையில் நவதிருப்பதிகளைச் சேவித்துக் கடலை நோக்கிச் செல்லும் யாத்திரிகர், திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலை என்னும் மீனவர் ஊரைக் காண்பர். முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற நெடுங்கரையின் ஊர்களுள் அதுவும் ஒன்று. 'பிறரினும் தாழ்ந்தோம்' என்னும் எண்ணம் மனித உள்ளத்தில் எவ்வாறு தோன்றி வளர்கின்றது என்பதற்கு இக்கடற்கரையின் வரலாறே நல்லதொரு பாடமாகும்.

கடல் தந்த வேற்றுமை

முத்துக்குளிப்பில் சமநிலை என்றும் இருந்ததில்லை. ஒருவர் எடுத்த சிப்பியில் ஆணிமுத்து இருக்கும்; உடன் மூழ்கியவரின் சிப்பி வெறிதாயிருக்கும். மீன்பிடித் தொழிலும் அத்தகையதே. இன்று ஒரு வள்ளத்திற்கு நல்ல மீன்பாடு, நாளை மற்றொன்றிற்கு. இவ்வகை வேற்றுமையை உள்ளம் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. ஏனெனில் அது ஓரிடத்தில் நிலைப்பதன்று. எவர் இழைத்த தீங்குமன்று.

தூத்துக்குடியின் பெருமுத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. அக்காலத்தையொட்டித் தமிழகக் கடலில் விசைப்படகுகள் பெருகின. இழுவைமடியால் ஒரு நாளில் வாரிய மீனுக்குக் கட்டுமரம் பல நாள் உழைக்க வேண்டியதாயிற்று. வேற்றுமை நாள்தோறும் ஒரே பக்கம் சாய்ந்தது. 1970களில் கரையின் பல இடங்களில் மோதல்கள் மூண்டன. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையையொட்டிய 3 கடல் மைல் பரப்பைப் பாரம்பரியக் கலங்களுக்கு ஒதுக்கியது.

உளநூலார் கண்டவை

இரண்டாம் உலகப்போர்க்கால அமெரிக்கப் படைவீரரை ஆராய்ந்த சாமுவேல் ஸ்டௌஃபர் குழுவினர் 1949இல் ஒரு வியப்பை வெளியிட்டனர். பதவி உயர்வு விரைந்து கிடைத்த விமானப்படையினரைவிட, அரிதாகவே கிடைத்த படைக் காவலர் மனநிறைவோடிருந்தனர். உடனிருப்போர் பலரும் உயரும்போதே, உயராதவனின் நெஞ்சு வேகிறது. துன்பத்தின் அளவு இல்லாமையில் மட்டுமன்று, ஒப்பிடுதலிலும் உள்ளது.

இவ்வெண்ணம் ஆண்டுக்கணக்கில் நீடிப்பின் சினம் ஒருபுறமும் சோர்வு மறுபுறமும் வளரும்; உறக்கம் கெடும்; உறவினர் கூடுமிடம் செல்லவும் மனம் கூசும். உடலும் தப்புவதில்லை. இங்கிலாந்து அரசு ஊழியரிடையே 1967இல் தொடங்கிய ஆய்வில், எவரும் வறியரல்லர். எனினும் பதவிப்படி இறங்க இறங்க இதயநோய் மரணம் மிகுந்தது. புகைப்பழக்கம் முதலியவை இதில் ஒரு பகுதியையே விளக்கின. வேலையில் தன்னுரிமைக் குறைவும் தாழ்நிலையின் மனச்சுமையும் ஏனைய காரணங்களுள் சேர்த்தெண்ணப்படுகின்றன.

துரோணரும் குசேலரும்

இதனை இதிகாச புராணங்கள் முன்பே காட்டியுள்ளன. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பால் பருகக் கண்டு அசுவத்தாமன் அழுதான். மாவு கரைத்த நீரைப் பாலென்று கொடுக்க, அதைப் பருகி மகிழ்ந்து ஆடினான், கண்டவர் நகைத்தனர். அந்நகைப்பு துரோணரின் நெஞ்சில் தைத்தது. உடன் பயின்ற துருபதனை நாடிச் சென்றார். 'நட்பு நிகரானவர்க்கிடையே உரியது' என்னும் கருத்துப்பட அவன் இகழ்ந்தான். அவமானம் பகையாயிற்று, பகை குருக்ஷேத்திரத்தில் துரோணரையும் துருபதனையும் அவன் மைந்தரையும் பலி கொண்ட பின்னரே ஓய்ந்தது.

குசேலரும் வறியவரே, அவரும் உடன் பயின்ற அரசச் செல்வனிடமே அவல் முடிந்து சென்றார். ஆயின் கண்ணபிரான் இருக்கைவிட்டு எழுந்து ஓடிவந்து தழுவினான், அடி விளக்கினான். குசேலர் ஒன்றும் கேட்காமலே திரும்பினார். மனத்தில் ஏக்கமும் இல்லை.

இருவரும் வறியர், இருவருக்கும் செல்வ நண்பர். விளைவு வேறானதற்குக் குசேலரின் பற்றற்ற உள்ளம் மட்டுமன்று, வரவேற்றவனின் பண்பும் காரணமாகும்.

பெறத்தக்க படிப்பினை

ஆகவே தாழ்வுணர்ச்சிக்கு மருந்து இருவகை. வேற்றுமை அநீதியால் விளைந்ததாயின், 'பொறுத்திரு' என்று ஏழைக்கு உபதேசித்தல் அறமன்று. முறையைத் திருத்துவதே அறம். அநீதியின்றி வெறும் ஒப்பீட்டால் எழும் ஏக்கமாயின், அயலான் செல்வத்தை விடுத்துத் தன் நேற்றைய நிலையை அளவுகோலாகக் கொள்ளுதல் நலம்.

உயர்ந்த நிலையிலிருப்போர்க்கும் கடமையுண்டு. ஏழை உறவினர் வாயிலில் நிற்கும்போது, எழுந்து வரவேற்கும் ஒரு செயல் ஒரு தலைமுறையின் பகையைத் தடுக்கவல்லது. தீர்த்தமும் சடாரியும் அனைவர்க்கும் ஒன்றாகவே கிடைக்கும் சந்நிதியில் நிற்போர், அச்சமநோக்கைத் தம் இல்லத்து வாயிலுக்கும் கொண்டுசெல்வாராக.