பாட்டியின் அறைக்கதவு

பாட்டி சக்கர நாற்காலியைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அவரது அறைக்கதவு இடைஞ்சலானது. உட்புறமாகத் திறந்த கதவு, நாற்காலி திரும்பும் இடத்தை அடைத்துக்கொண்டது. ஆகவே, அப்பா அதைக் கழற்றிவிட்டு, வெளிச்சுவரை ஒட்டி நகரும் கதவைப் பொருத்த முடிவு செய்தார்.

வாசலின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் மகள் அளந்தாள். ஆகக் கூடுதலான அளவு 80 சென்டிமீட்டர். கதவு இருபுறமும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக மறைக்க வேண்டும். எனவே, கதவின் அகலம் 90 சென்டிமீட்டர். கதவு முழுமையாக விலக, தண்டவாளம் அதைப்போல் இரு மடங்கு, அதாவது 180 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்.

“அப்பா, கதவு நகரும் பக்கத்தில் மின்விசை இருக்கிறதே!” என்றாள் மகள்.

அப்பா மறுபக்கத்தை அளந்தார். அங்கு 1 மீட்டர் வெற்றிடம் இருந்தது. சுவரையும் தட்டிப் பார்த்தார். கெட்டியான கான்கிரீட் சுவர்! வெறும் பலகைத் தடுப்பாக இருந்தால் கதவின் எடையைத் தாங்காது.

துளையிடுமுன் ரசமட்டத்தை வைத்து மட்டம் பார்த்தனர். தண்டவாளம் சாய்ந்திருந்தால் கதவு தானாக உருண்டுவிடும். பின்னர், அதன் இரு முனைகளிலும் தடுப்புகளைப் பொருத்தினர்.

அன்று மாலை, பாட்டி ஒரு கையால் கதவைத் தள்ளினார். யாரையும் அழைக்காமல் வரவேற்பறைக்கு வந்தார்.