கடல் உணவுப் புரதத் துணுக்குகளும் எலும்பு வளர்ச்சியும்

எலும்புத் தூளை மணிச்சத்து உரமாக நிலத்திற்கு இடுவது விவசாயிகளுக்குப் புதிதன்று. அந்த எலும்பு நம் உடலில் எவ்வாறு வளர்கிறது, அதற்கு எவ்வகை உணவு தேவை என்பதை அறிந்திருப்பது உரத்தைப் பற்றி அறிந்திருப்பதைப் போலவே அவசியமாகும். அண்மைக் காலத்தில், மீன் தோல், மீன் செதில், ஆளி, கல்லுமேல்காய் போன்ற கடற்பொருள்களிலிருந்து எடுக்கப்படும் புரதத் துணுக்குகள் எலும்பு வளர்ச்சிக்கு உதவக்கூடும் என்று ஆராய்ச்சிகள் கூறுகின்றன. இவற்றைத் தூளாக்கி டப்பாக்களில் அடைத்து நகரங்களில் விற்கின்றனர். வளரும் பிள்ளைகளும் வயது முதிர்ந்த பெண்களும் உள்ள குடும்பங்கள் இதற்குப் பணம் செலவிட வேண்டுமா, நமக்கு எளிதில் கிடைக்கும் உணவிலேயே இப்பயனைப் பெற இயலுமா என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எலும்பின் அமைப்பு

எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாது உப்புக்கள் ஆகும். இவற்றில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உப்பு. எஞ்சிய பகுதியில் பெரும்பங்கு கொலாஜன் என்னும் நார்ப்புரதம். கான்கிரீட்டில் கம்பியும் சிமெண்டும் போல, கொலாஜன் வளைந்து கொடுக்கும் தன்மையையும் தாது உப்பு கடினத் தன்மையையும் தருகின்றன.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சதை நீக்கிய கோழிக்கால் எலும்பு ஒன்றை வினிகரில் சில நாட்கள் ஊறவைத்தால், தாது உப்பு கரைந்து எலும்பு ரப்பர் போல வளையும். மற்றொரு எலும்பை அடுப்பில் நன்றாகச் சுட்டால், புரதம் எரிந்து போய், கையால் நொறுக்கும்படி வெளுத்துவிடும். இரண்டில் எது குறைந்தாலும் எலும்புக்கு வலு இல்லை என்பது இதனால் விளங்கும்.

எலும்பு ஒருமுறை வளர்ந்து நின்றுவிடும் பொருளும் அன்று. பழைய எலும்பை அரிக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுவதும் வேலை செய்கின்றன. இளமையில் கட்டும் வேலை மிகுதி. சுமார் 30 வயதுக்குள் எலும்பு தன் உச்ச வலுவை அடைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் அரிக்கும் வேலை மிகுந்து எலும்பு மெலிகிறது. ஆகவே, இளமையில் சேர்க்கும் எலும்பே முதுமைக்குரிய சேமிப்பாகும்.

புரதத் துணுக்கு என்பது யாது?

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. இச்சங்கிலியை நொதிகளைக் கொண்டு சிறு சிறு துண்டுகளாக வெட்டினால் கிடைப்பவையே பெப்டைடு எனப்படும் புரதத் துணுக்குகள். தொழிற்சாலையில் மீன் தோலையும் செதிலையும் சுத்தம் செய்து, அவற்றிலுள்ள கொலாஜனை நொதியால் வெட்டி, உலர்த்தித் தூளாக்குகின்றனர். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் மீன் கழிவிலிருந்து இவ்வகைத் துணுக்குகளைப் பிரித்தெடுக்கும் பணியில் ஈடுபட்டுள்ளது. கழிவாக எறியப்படும் தோலும் செதிலும் இதனால் மதிப்புப் பெறுகின்றன.

நம் வயிற்றிலும் இதே வேலை நடைபெறுகிறது. உண்ணும் மீனின் புரதத்தை இரைப்பையிலும் குடலிலும் சுரக்கும் நொதிகள் துணுக்குகளாக வெட்டுகின்றன. தொழிற்சாலைத் துணுக்கும் வயிற்றில் உண்டாகும் துணுக்கும் எல்லா வகையிலும் ஒன்றல்ல எனினும், இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே.

துத்தநாகமும் சுண்ணாம்புச் சத்தும்

இத்துணுக்குகள் வேலை செய்யும் விதத்தை, வயலில் நாம் அறிந்த ஒன்றைக் கொண்டு விளக்கலாம். களர் நிலத்திலும் சுண்ணாம்பு மிகுந்த நிலத்திலும் துத்தநாக சல்பேட்டை இட்டால், அதன் பெரும்பகுதி கரையாத நிலைக்கு மாறி, வேர்களுக்குக் கிட்டாமல் போகிறது. அதே துத்தநாகத்தை ஒரு கரிமப் பொருளுடன் பிணைத்து இட்டால், கரைந்த நிலையிலேயே இருந்து பயிருக்குக் கிடைக்கிறது.

குடலிலும் ஏறத்தாழ இவ்வாறே நிகழ்கிறது. உணவில் உள்ள சுண்ணாம்புச் சத்து குடலில் மணிச்சத்துடன் சேர்ந்து கரையாத உப்பாகப் படிந்தால், உடலில் சேராமல் வெளியேறிவிடும். சில மீன் துணுக்குகள் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு கரைந்த நிலையில் வைத்திருக்கின்றன. தென் கொரியாவின் புசான் நகரில் உள்ள புக்யோங் தேசியப் பல்கலைக்கழக அறிஞர்கள், ஹோக்கி என்னும் மீனின் முள்ளிலிருந்து பெற்ற துணுக்கைச் சூலகம் நீக்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்தபோது, சுண்ணாம்புச் சத்து உடலில் தங்குவது மிகுந்ததாக 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

வேறு சில துணுக்குகள் எலும்பைக் கட்டும் செல்களையே தூண்டுவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. நீலக் கல்லுமேல்காய்ப் புரதத்தின் துணுக்குகள் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட எலும்புச் செல்களிலும் எலிகளிலும் இத்தகைய பலனைத் தந்துள்ளன.

முடிவுகளை எடை போடுதல்

ஒரு புதிய இரகம் ஆராய்ச்சிப் பண்ணையின் தொட்டியில் நன்கு வளர்ந்தால் மட்டும் அதனை எல்லா விவசாயிகளுக்கும் பரிந்துரைப்பதில்லை. பல இடங்களில், பல பருவங்களில், விவசாயிகளின் வயல்களிலேயே சோதித்த பிறகுதான் பரிந்துரைக்கிறோம். கடல் உணவுத் துணுக்குகள் பெரும்பாலும் இன்னும் தொட்டிச் சோதனை நிலையிலேயே உள்ளன. செல்களிலும் எலிகளிலும் செய்த ஆய்வுகள் பல. மனிதரிடம் செய்தவை சில. மாதவிடாய் நின்ற 131 பெண்களைச் சேர்த்துத் தொடங்கி 2018-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு 5 கிராம் கொலாஜன் துணுக்கை 12 மாதங்கள் உண்டவர்களின் எலும்புச் செறிவு, உண்ணாதவர்களைவிடச் சற்று மேம்பட்டது. இது ஊக்கம் தரும் செய்தியே. எனினும், இதைக் கொண்டு பிள்ளைகள் உயரமாக வளர்வர் என்றோ, முறிந்த எலும்பு விரைவில் கூடும் என்றோ கூறுவதற்கில்லை.

மேலும், கொலாஜன் தூளில் புரதம் உண்டே தவிர, தனியே சேர்க்கப்பட்டாலன்றிச் சுண்ணாம்புச் சத்து குறிப்பிடத்தக்க அளவில் இராது. டிரிப்டோபேன் என்னும் இன்றியமையாத அமினோ அமிலமும் கொலாஜனில் இல்லை. தழைச்சத்தை மட்டும் இட்டு மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும் மறந்தால் பயிர் சாய்வதுபோல, தூளை மட்டும் நம்பினால் எலும்பு வலுப்பெறாது.

முள்ளுடன் உண்ணும் சிறு மீன்

புரதம், சுண்ணாம்புச் சத்து, மணிச்சத்து மூன்றும் ஒருங்கே அமைந்த உணவு, தலையும் முள்ளும் சேர்த்து உண்ணும் சிறு மீன். வங்காள தேசத்தில் மோலா என்னும் சிறு நன்னீர் மீனில், 100 கிராமுக்கு ஏறத்தாழ 850 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளதாகக் கண்டறிந்துள்ளனர். சதையை மட்டும் உண்ணும் பெரிய மீன்களில் இதில் ஒரு சிறு பங்கே கிடைக்கும். இந்தச் சத்து உடலில் சேருமா என்பதையும் சோதித்தனர். 1998-இல் வெளியான ஆய்வில், சிறு மீனிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் சுமார் 24 சதமும், பாலிலுள்ளதில் சுமார் 22 சதமும் மனித உடலில் ஈர்க்கப்பட்டன. அதாவது, முள்ளுடன் உண்ணும் சிறு மீன் இதில் பாலுக்குச் சற்றும் குறைந்ததன்று.

இத்தகைய மீன்களின் சிறப்பை உலகறியச் செய்த சகுந்தலா ஹரக்சிங் தில்ஸ்டெட் அம்மையாருக்கு 2021-ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அதுவரை வங்காள தேசத்துக் குளங்களில் களை மீன் என்று நஞ்சிட்டுக் கொல்லப்பட்ட சிறு மீன்களை, கெண்டை மீன்களுடன் சேர்த்தே வளர்க்கலாம் என்பதை அவர் பணி நிலைநாட்டியது. பெரிய மீன் சந்தைக்கு, சிறு மீன் வீட்டு அடுப்பிற்கு என்பதே அம்முறையின் சாரம்.

நம் நாட்டில் கடற்கரையோரம் நெத்திலியும், குளம் கண்மாய்களில் அயிரையும் இவ்வாறு பயன்படுகின்றன. பண்ணைக் குட்டையில் கெண்டைக் குஞ்சுகளை விடுமுன், களை மீன்களை அழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு இடும் வழக்கம் உண்டு. அதற்கு முன்பே வலையிட்டுச் சிறு மீன்களைப் பிடித்து உணவாக்கிக் கொள்வது நலம். பூச்சிக்கொல்லி தெளித்த வயலின் வடிநீர் சேரும் குட்டை மீனை மட்டும் உண்ணலாகாது.

ஒரு நாள் கணக்கு

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 10 முதல் 12 வயதுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 850 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. பெரியவர்களுக்கு 1000 மில்லிகிராமும், பாலூட்டும் தாய்க்கும் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் 1200 மில்லிகிராமும் தேவை.

100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராமும், 200 மில்லி பாலில் 240 மில்லிகிராமும், 50 கிராம் முருங்கைக் கீரையில் 150 மில்லிகிராமும் கிடைக்கும். ஆக 740. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எஞ்சிய 110 மில்லிகிராமை, முள்ளுடன் உண்ணும் ஒரு கைப்பிடிச் சிறு மீன் ஈடுசெய்யும். அரிசிச் சோற்றில் இச்சத்து மிகக் குறைவு என்பதால், மூன்று வேளையும் சோறு உண்ணும் குடும்பத்தினர் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. நெத்திலி, அயிரை போன்றவற்றை முள் நீக்காமல் புளி சேர்த்துக் குழம்பு வைக்கவும். புளிப்பில் முள் இளகும்.

2. நெத்திலிக் கருவாட்டை மணல் போக அலசி, வெந்நீரில் ஊறவைத்து உப்பை நீக்கிய பின் சமைக்கவும். உப்பு மிகுந்தால் சிறுநீர் வழியே சுண்ணாம்புச் சத்து வெளியேறும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பிடாமல் உலர்த்திய நெத்திலியையே வாங்க வேண்டும்.

3. சிறு குழந்தைகளுக்கு, அலசி உலர்த்திய கருவாட்டை வறுத்து, நன்றாகப் பொடித்துச் சலித்து, கூழில் கலந்து கொடுக்கவும்.

4. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை இவற்றில் ஒன்றை அன்றாடம் சேர்க்கவும். உடல் கொலாஜனைக் கட்டுவதற்கு வைட்டமின் சி தேவை.

5. பிள்ளைகளை வெயிலில் ஓடி விளையாட விடவும். வெயிலால் தோலில் உண்டாகும் வைட்டமின் டி இன்றிச் சுண்ணாம்புச் சத்து உடலில் சரிவரச் சேராது.

6. மீன் உண்ணாதவர்கள் கேழ்வரகு, மோர், முருங்கைக் கீரை, எள், பயறு வகைகளைக் கூடுதலாகச் சேர்க்கவும்.

7. மீன், இறால், ஆளி உண்டால் தடிப்போ மூச்சுத் திணறலோ வருபவர்கள் கடல் உணவுத் தூளையும் தவிர்க்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் எந்தப் புரதத் தூளையும் உண்ணலாகாது. எலும்பு மெலிவுக்கு மருத்துவர் தந்த மருந்தை, தூளை நம்பி நிறுத்திவிடக் கூடாது.

கடல் உணவுத் துணுக்குகளைப் பற்றிய ஆராய்ச்சி வளர்ந்து வருகிறது. அதன் பலன் உறுதியாகும் வரை, விலை மிகுந்த தூளுக்குச் செலவிடும் பணத்தைக் கேழ்வரகுக்கும் பாலுக்கும் நெத்திலிக்கும் செலவிடுவதே ஆதாயமானது. நாற்று நடவும் களை எடுக்கவும் குனிந்து நிமிரும் பெண்களின் எலும்பு வலுவே குடும்பத்தின் வலு. ஆகவே குழம்புச் சட்டியில் உள்ள சிறு மீனை ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறும்போது, வீட்டுப் பெண்களும் தங்கள் பங்கைத் தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.