தீபாவளிக்குத் தேக்காவில் சிக்கனமாகத் தங்க: இப்போதே செய்ய வேண்டியவை

சிங்கப்பூரில் 2026ஆம் ஆண்டுத் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பண்டிகை ஞாயிறன்று வருவதால் மறுநாள் திங்கட்கிழமையும் பொது விடுமுறை. சனி, ஞாயிறு, திங்கள் என மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைப்பதால், தமிழகத்திலிருந்து விமானத்தில் வருவோரும் ஜொகூர் பாலம் கடந்து வரும் மலேசியத் தமிழரும் ஒரே சமயத்தில் அறை தேடுவார்கள். லிட்டில் இந்தியாவில், அதாவது தேக்கா வட்டாரத்தில், குறைந்த செலவில் தங்க நினைப்பவர்கள் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலேயே ஏற்பாட்டை முடித்துவிடுவது நல்லது. எந்தத் தேதி, எந்தத் தெரு, வரியெல்லாம் சேர்த்து எவ்வளவு என்ற மூன்றும் தெளிவானால்தான் சிக்கனம் கைகூடும். திரையில் முதலில் தெரியும் மலிவான விலை இந்த மூன்றில் எதையும் சொல்வதில்லை.

தேதியைத் தேர்ந்தெடுத்தல்

சிங்கப்பூரில் வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அதனால் இங்கே அறை வாடகையை ஏற்றி இறக்குவது தட்பவெப்பம் அல்ல, நிகழ்ச்சிகளும் விடுமுறைகளும்தான்.

இந்தப் பருவத்தில் தவிர்க்க வேண்டிய முதல் வாரம் ஃபார்முலா 1 கார்ப் பந்தய வாரம். 2026இல் அது அக்டோபர் 9 முதல் 11 வரை நடைபெறுகிறது. பந்தயம் மரினா பே பகுதியில் என்றாலும் நகரம் முழுவதும் வாடகை ஏறும். தேக்காவின் சிறு விடுதிகளும் அதற்கு விலக்கல்ல. தீபாவளி ஒளியூட்டைக் காண வருவோர் அந்த வாரத்தை விட்டு, அக்டோபர் பிற்பாதியில் திங்கள் முதல் வியாழன் வரையிலான நாள்களைத் தேர்ந்தெடுக்கலாம். சிராங்கூன் சாலையின் விளக்குகள் பண்டிகைக்குப் பல வாரம் முன்பே ஏற்றப்பட்டுவிடும்.

தீபாவளிக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தீமிதி நடைபெறும். பக்தர்கள் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து அங்கே நடந்து செல்வார்கள். இரண்டு கோயில்களையும் நிர்வகிக்கும் இந்து அறக்கட்டளை வாரியம் நாளையும் நேரத்தையும் அறிவிக்கும். தீமிதிக்காக வருவோர் ஃபேரர் பார்க் நிலையத்தை ஒட்டித் தங்கினால் பெருமாள் கோயிலுக்கு நடந்தே போகலாம்.

கூட்டம் உச்சத்தைத் தொடுவது தீபாவளியன்று அல்ல, அதற்கு முந்தின இரவில். நவம்பர் 7 சனிக்கிழமை இரவு கேம்பல் லேன் பக்கம் நகர இடமிருக்காது. மறுநாள் காலையில் தெருக்கள் வெறிச்சோடும். வீட்டில் பண்டிகை கொண்டாடுவதற்காகப் பல கடைகள் மூடியிருக்கும். தீபாவளிச் சந்தைக் கூட்டத்தைக் காண விரும்புவோர் 6, 7 ஆம் தேதிகளில் அங்கே இருக்க வேண்டும். அமைதியும் குறைந்த வாடகையும் வேண்டுவோர் நவம்பர் 10க்குப் பிறகு வரலாம். விளக்குகள் பெரும்பாலும் பண்டிகைக்குப் பின்னும் சில நாள் எரியும். நவம்பர் பிற்பகுதியில் சிங்கப்பூரின் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை தொடங்குவதால், அதற்குள் பயணத்தை முடித்துக்கொள்வது சிக்கனம்.

தெருவைத் தேர்ந்தெடுத்தல்

*டன்லப் ஸ்திரீட், டிக்சன் சாலை, கேம்பல் லேன்:* பழைய கடைவீடுகளில் அமைந்த சிறு விடுதிகளும் படுக்கைக்கு இவ்வளவு என வாடகை வாங்கும் தங்குமிடங்களும் இங்கே அதிகம். தீபாவளிச் சந்தை, 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், தேக்கா சந்தை எல்லாம் சில நிமிட நடையில் உள்ளன. பண்டிகைக்கு முந்தின வாரம் இரவில் சத்தம் இருக்கும்; கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் வருவோருக்கு ஏற்ற இடமல்ல.

*சையது ஆல்வி சாலை, கிச்சனர் சாலை:* முஸ்தபா சென்டரைச் சுற்றிய பகுதி. கடை நள்ளிரவு தாண்டியும் திறந்திருப்பதால் தெருவில் நடமாட்டம் ஓயாது. ஊருக்குப் பொருள் வாங்கிச் செல்ல வருபவர்களுக்கு வசதி. அருகிலுள்ள டெஸ்கர் சாலை பாலியல் தொழிலுக்குப் பேர்போனது. குடும்பத்தோடு வருவோர் அந்தத் தெருவில் அறை எடுப்பதைத் தவிர்க்கலாம்.

*ஜாலான் புசார், லவெண்டர்:* தேக்காவுக்குக் கால் மணி நேர நடை. சிக்கன விடுதிகள் நிறைய; இரவில் ஒப்பளவில் அமைதி. பண்டிகை வாரத்தில் குடும்பங்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய பகுதி இதுதான்.

*பாலஸ்டியர், கேலாங்:* வாடகை இன்னும் குறையக்கூடும். பாலஸ்டியர் சாலையில் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) நிலையம் இல்லை. பேருந்தை நம்ப வேண்டும். கேலாங்கின் சில லோரோங்குகள் (சந்துகள்) பாலியல் தொழில் நடைபெறும் இடங்கள். முகவரியில் லோரோங் எண்ணைப் பார்த்துக்கொண்டு பதிவு செய்ய வேண்டும்.

கடைவீட்டு அறையின் தன்மை

லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அதனால் இங்குள்ள கடைவீடுகளை இடித்துவிட்டு உயரமாகக் கட்ட முடியாது. பழைய கட்டடத்துக்குள்ளேயே அறைகளைப் பிரிக்கிறார்கள். கடைவீடு முகப்பில் குறுகியது, உள்ளே நீளமானது. இரு பக்கச் சுவர்களும் அடுத்த வீட்டோடு ஒட்டியவை. வெளிச்சம் முன்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் நடுவில் விட்ட வானவெளியிலிருந்தும் மட்டுமே வரும். ஆகவே நடு அறைகளுக்குப் பெரும்பாலும் சன்னல் இருக்காது. விலைப்பட்டியலில் மிக மலிவாக இருப்பது அந்த அறைதான்.

சன்னல் இல்லாத அறை எல்லாருக்கும் குறையாகிவிடாது. பகலெல்லாம் வெளியே சுற்றிவிட்டு இரவில் உறங்க மட்டும் வருவோருக்கு, தெருச் சத்தம் எட்டாத நடு அறையே நல்ல உறக்கம் தரும். முன்னறையில் வெளிச்சமும் உண்டு, தெருவின் இரைச்சலும் உண்டு. பின்னறை சில இடங்களில் உணவுக்கடைகளின் சமையல் புகை வரும் பின்புறச் சந்தினைப் பார்த்திருக்கும். மூச்சுத்திணறல் உள்ளவர்களும் அடைத்த அறையில் தவிப்பவர்களும் சன்னல் உள்ள அறையையே கேட்டுப் பெற வேண்டும்.

பணம் கட்டும் முன் விடுதியிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை:

- அறைக்குச் சன்னல் உண்டா? அது வெளியே திறக்குமா, நடைவழியைப் பார்த்ததா?
- மின்தூக்கி உண்டா? இல்லையென்றால் அறை எத்தனையாவது மாடி? கடைவீட்டு மாடிப்படிகள் செங்குத்தானவை. மூட்டு வலி உள்ளவர்களுக்குத் தினமும் பாடு.
- குளியலறை அறைக்குள்ளா, பொதுவா?
- கட்டில் ஒன்றா, இரண்டா? இரு புறமும் இறங்க வழி உண்டா?
- ஓர் அறையில் எத்தனை பேருக்கு அனுமதி? குழந்தையும் கணக்கில் சேருமா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. இருவர் அறையில் நால்வர் தங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கே செல்லாது. விடுதிகள் ஒவ்வொருவர் கடப்பிதழையும் பார்த்துப் பதிவு செய்யும். அனுமதிக்கு மேல் ஆள் வந்தால் இன்னோர் அறை எடுக்கச் சொல்லலாம்.

முழுக் கட்டணம்

சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் பொருள் சேவை வரியும் தனி என்று பொருள். சேவைக் கட்டணம் வழக்கமாக 10 விழுக்காடு. பொருள் சேவை வரி 2024 ஜனவரி முதல் 9 விழுக்காடு; அது சேவைக் கட்டணத்தின் மேலும் விதிக்கப்படும். 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அறைக்குச் சேவைக் கட்டணம் சேர்ந்தால் 110 வெள்ளி. அதன் மேல் வரி 9 வெள்ளி 90 காசு. மொத்தம் 119 வெள்ளி 90 காசு. நான்கு இரவுக்கு 400 வெள்ளி என்று நினைத்தவர் 479 வெள்ளி 60 காசு கட்ட வேண்டியிருக்கும். ஒரு தளத்தில் வரியோடும் இன்னொன்றில் வரியின்றியும் விலை காட்டப்படுவதால், இறுதிப் பக்கத்துத் தொகையை வைத்தே ஒப்பிட வேண்டும்.

இந்திய வங்கி அட்டையால் கட்டும்போது ரூபாயில் கட்டலாமா, வெள்ளியில் கட்டலாமா என்று இயந்திரம் கேட்கும். வெள்ளியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. ரூபாய்க்கு மாற்றும் விகிதம் பெரும்பாலும் பாதகமாகவே இருக்கும்.

காலை உணவுக்குத் தனிக் கட்டணம் கேட்கும் விடுதியில் அதை வேண்டாமென்று விட்டுவிடலாம். தேக்கா உணவங்காடி நிலையத்தில் காலையிலேயே தோசையும் பரோட்டாவும் கிடைக்கும். 1924இல் தொடங்கிய ஆனந்த பவன், 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் ஆகிய சைவ உணவகங்களும் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் உள்ளன. தீபாவளியன்று மட்டும் எது திறந்திருக்கும் என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

உரிமம், ரத்து, விசா

குறுகிய காலத்துக்கு வீட்டை வாடகைக்கு விடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். வாடகைக் காலம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் குறைந்தது 6 மாதமும் தனியார் வீட்டில் குறைந்தது 3 மாதமும் இருக்க வேண்டும். நாள் வாடகைக்கு அறை தருவதாகச் சமூக ஊடகத்தில் வரும் விளம்பரங்களை நம்பி முன்பணம் அனுப்பக் கூடாது. உரிமம் பெற்ற விடுதியில் மட்டுமே பதிவு செய்ய வேண்டும்.

இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்போருக்கு விசா தேவை. வருகைத் தேதிக்கு முந்தின 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது நடைமுறை. கட்டணம் 30 வெள்ளி. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பக் கிடைக்காது. அறையை ஆகஸ்டில் பதிவு செய்தாலும் விசா அக்டோபரில்தான் கைக்கு வரும் என்பதால், ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையையே எடுக்க வேண்டும். திரும்பப் பெற முடியாத மலிவு விலை இந்த நிலையில் ஆபத்தானது. ரத்துக்கான கெடு சிங்கப்பூர் நேரப்படி கணக்கிடப்படலாம். அது இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

சிங்கப்பூர் வருகை அட்டையை, வந்து சேரும் நாளோடு முடியும் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் தளத்தில் இது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளமல்ல.

வந்து சேரும் நாள்

தமிழகத்திலிருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் விமானங்கள் விடியற்காலையில் சாங்கி வந்தடையும். விடுதி அறை பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டியை முன்கூட்டியே வாங்கி வைப்பார்களா என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும். நவம்பர் 6 காலை 6 மணிக்கே அறை வேண்டுமானால் 5ஆம் தேதி இரவுக்கே வாடகை கட்டியிருக்க வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து எம்ஆர்டியில் ஒரு நிலையம் சென்று எக்ஸ்போவில் டௌன்டவுன் பாதைக்கு மாறலாம். டன்லப் ஸ்திரீட், டிக்சன் சாலைப் பக்கம் தங்குவோர் ஜாலான் புசார் நிலையத்தில் இறங்கிவிட வேண்டும். அதே ரயிலில் ரோச்சோர் வரை அமர்ந்திருந்தால், அது சைனாடவுன், பேஃபிரண்ட் வழியாக மேலும் 8 நிலையம் சுற்றிய பிறகே ரோச்சோருக்கு வரும். லவெண்டர் பக்கம் தங்குவோருக்குப் பெண்டிமியர் நிலையம் ஏற்றது. நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை டாக்சிக்கு 50 விழுக்காடு கூடுதல் கட்டணம் உண்டு. ஜொகூரிலிருந்து பேருந்தில் வருவோர் குவீன் ஸ்திரீட் முனையத்தில் இறங்கித் தேக்காவுக்கு நடந்தே வரலாம்.

பெட்டியில் வைப்பதும் வைக்கக் கூடாததும்

அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடியோடு மழை வரும், குடை கட்டாயம். மின்செருகிகள் மூன்று செவ்வக முனை கொண்டவை. இந்திய உருண்டை முனைகளுக்கு மாற்றுச் செருகி தேவை. குழாய் நீரை அப்படியே குடிக்கலாம்; காலிப் புட்டி ஒன்று போதும்.

பட்டாசு 1972 முதல் தடை செய்யப்பட்ட பொருள். பிள்ளைகளுக்காக என்று எதையும் கொண்டுவரக் கூடாது. மின்சிகரெட், மெல்லும் புகையிலை, சூயிங்கம் ஆகியவற்றுக்கும் தடை உண்டு. லிட்டில் இந்தியா மதுக் கட்டுப்பாட்டு வட்டாரம். சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்துவது குற்றம். பொது விடுமுறையிலும் இந்தக் கட்டுப்பாடு உண்டு.

மாத வாரியாகச் செய்ய வேண்டியவை

- *ஆகஸ்ட்:* தேதியையும் தெருவையும் முடிவு செய்தல். கடப்பிதழ் பயண நாளிலிருந்து 6 மாதம் செல்லுமா என்று பார்த்தல்.
- *செப்டம்பர்:* மூன்று விடுதிகளின் முழுக் கட்டணத்தை ஒப்பிட்டு, ரத்து வசதியோடு பதிவு செய்தல்.
- *அக்டோபர் முதல் பாதி:* விசாவுக்கு விண்ணப்பித்தல். கார்ப் பந்தயம் முடிந்ததும் அதே விடுதியின் விலையை மீண்டும் பார்த்தல்; குறைந்திருந்தால் புதிதாகப் பதிந்து பழையதை ரத்து செய்தல்.
- *அக்டோபர் பிற்பாதி:* ரத்துக் கெடுவுக்குள் பயணத்தை உறுதி செய்தல். வந்துசேரும் நேரத்தை விடுதிக்குத் தெரிவித்தல்.
- *புறப்படும் வாரம்:* வருகை அட்டை நிரப்புதல். பதிவுச் சீட்டையும் விடுதியின் பதில்களையும் அச்செடுத்துக் கைப்பையில் வைத்தல்.