பட்டாசுப் பாதுகாப்பும் அரசின் கடமையும்

தீபாவளிக்கு மறுநாள் காலையில், தெரு பெருக்குபவர் வருவதற்கு முன்பே சிறுவர்கள் எழுந்துவிடுவார்கள். காகிதக் குப்பைக்குள் வெடிக்காமல் கிடக்கும் வெடிகளைப் பொறுக்குவதற்குத்தான் அந்த அவசரம். நம்மில் பலரும் அதைச் செய்தவர்களே. பொறுக்கிய வெடிகளைப் பிரித்து, மருந்தைப் பழைய செய்தித்தாளில் கொட்டி, தாளின் ஓரத்தில் நெருப்பு வைத்தால் குப்பென்று எரியும். எங்கள் தெருவில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அப்படிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மருந்து முகத்தில் அடித்துவிட்டது. அவனுடைய வலக்கண்ணுக்கு இப்போது வெளிச்சம் தெரிகிறது, உருவம் தெரிவதில்லை.

அதன் பின்னர், எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் சிலர் ஒன்றுகூடி, பட்டாசு வாங்கி வெடிப்போரின் பாதுகாப்புக்குக் கடுமையான விதிகள் வேண்டும் என்று ஒரு மனு எழுதினோம். கையொப்பங்கள் நிறையவே கிடைத்தன. மனுவைப் பெற்றுக்கொண்ட அலுவலர் அதைப் பொறுமையாக முழுவதும் படித்தார். படித்து முடித்து, "தம்பி, போன தீபாவளிக்கு நம்ம மாவட்டத்துல மொத்தம் எத்தனை பேருக்கு அடிபட்டிருக்கு?" என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை. அவரிடமும் இல்லை. "கணக்கோடு வாங்க" என்று சொல்லி அனுப்பினார். அன்று எனக்குச் சினம் வந்தது உண்மை. பின்னர் நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது, அவர் கேட்டது சரியான கேள்வி என்பது புரிந்தது.

முதலில் நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். பட்டாசு என்பது சட்டத்தின் கண்ணில் வெடிபொருள். 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும், அதன்கீழ் இயற்றப்பட்ட 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் அதை ஆளுகின்றன. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம் இவ்விதிகளைச் செயற்படுத்துகிறது. வேதியியல் மாணவர்கள் அறிந்த செய்தி ஒன்று: பொட்டாசியம் குளோரேட்டைக் கந்தகத்துடன் கலந்தால் அக்கலவை சிறு உராய்விலேயே தீப்பற்றக்கூடும். பட்டாசில் இக்கலவை 1992இல் தடை செய்யப்பட்டது. தீபாவளிக் காலத்துத் தற்காலிகக் கடைகளுக்கும் விதி உண்டு. கொட்டகை தீப்பற்றாத பொருளால் அமைய வேண்டும்; ஒன்றுக்கொன்று 3 மீட்டர் இடைவெளி வேண்டும்; கடைகள் எதிரெதிரே இருத்தல் கூடாது; ஓரிடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது.

ஒலிக்கும் அளவு உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேற்படும் வெடிகளைச் செய்வதும் விற்பதும் 1999 முதல் குற்றம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெடிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. 2015இல் டில்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய தந்தையர் தொடுத்த வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று வந்த தீர்ப்பை நாம் எல்லோரும் அறிவோம். பேரிய உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை, புகை குறைந்த பசுமைப் பட்டாசு, வெடிக்க இரண்டு மணி நேரம் ஆகியன அதில் அடங்கும். அதையொட்டித்தான் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று நேரம் குறிக்கப்பட்டது.

இவற்றை வரிசையாகப் படித்து வந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. ஆலைக்கு விதி இருக்கிறது, கடைக்கு விதி இருக்கிறது, காதுக்கும் நுரையீரலுக்கும் விதி இருக்கிறது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து திரியில் ஊதுவத்தியை வைக்கும் கைக்கும், குனிந்து பார்க்கும் கண்ணுக்கும் வரும்போது சட்டத்தின் பேச்சு மிகவும் மெலிந்துவிடுகிறது. காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்: ஒலியை அளக்கக் கருவி இருந்தது, புகையை அளக்கவும் கருவி இருந்தது. அளந்தவர்கள் நீதிமன்றத்துக்கு எண்ணோடு போனார்கள். காயம்பட்ட கைகளை எண்ணிக்கொண்டு போனவர் யார்?

அமெரிக்காவில் எண்ணுகிறார்கள். அங்கு நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணையம் என்று ஓர் அரசு அமைப்பு உண்டு. நாடெங்கும் தேர்ந்தெடுத்த ஏறத்தாழ 100 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளிலிருந்து, எந்தப் பொருளால் யாருக்கு எந்த உறுப்பில் காயம் என்ற விவரத்தை அது தொடர்ந்து பெறுகிறது; அதிலிருந்து நாடு முழுமைக்கும் மதிப்பீடு செய்கிறது. ஜூலை 4 அவர்களுடைய விடுதலை நாள். அதையொட்டிய ஒரு மாதத்துக்குத் தனி ஆய்வே நடக்கிறது. 2023ஆம் ஆண்டில் வாணவேடிக்கையால் ஏறத்தாழ 9,700 பேர் அவசரப் பிரிவுகளில் சிகிச்சை பெற்றனர், 8 பேர் இறந்தனர் என்று அவ்வாணையம் வெளியிட்டது. காயங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கையிலும் விரல்களிலும் நேர்ந்தவை. நாம் மூன்று வயதுக் குழந்தையின் கையில் கொடுக்கும் கம்பி மத்தாப்பும் அப்பட்டியலில் தவறாமல் இடம்பெறுகிறது. அதன் முனையிலுள்ள வெப்பம் ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸ்.

அங்குள்ள விதிகள் நேரே கையையும் கண்ணையும் நோக்குகின்றன. தரையில் வெடிக்கும் வெடியில் 50 மில்லிகிராமுக்கு மேல் மருந்து இருத்தல் கூடாது என்று 1976 இறுதியில் சட்டம் வந்தது. அது ஒரு சிட்டிகையிலும் குறைவு. இன்னொரு விதி என்னை வியக்கச் செய்தது. திரி 3 விநாடிக்குக் குறையாமலும் 9 விநாடிக்கு மிகாமலும் எரிய வேண்டும். மூன்றுக்குக் குறைந்தால் ஓடித் தப்ப நேரம் இராது. ஒன்பதுக்கு மிகுந்தால் அணைந்துவிட்டதென எண்ணித் திரும்பிவந்து குனிவார்கள். மனித இயல்பை அறிந்தவர் எழுதிய விதி இது. நாம் திரியின் நுனிக் காகிதத்தைக் கிள்ளிவிட்டுக் கொளுத்துகிறவர்கள். எந்தப் பட்டாசுப் பெட்டியிலும் திரி எத்தனை விநாடி எரியும் என்று அச்சிட்டிருப்பதை நான் கண்டதில்லை.

பிரிட்டனில் பில் டைனன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்ததே 2003ஆம் ஆண்டின் வாணவேடிக்கைச் சட்டம். இரவு 11 மணிக்கு மேல் அங்கு வெடிக்கக்கூடாது. ஆனால் தீபாவளி இரவில் 1 மணி வரை விலக்கு உண்டு! பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு வாணவெடிகளை விற்பதும் குற்றம். நெதர்லாந்தில் புத்தாண்டு இரவில் கண்ணிழந்து வருவோரைக் கண் மருத்துவர்களே ஆண்டுதோறும் எண்ணி வெளியிட்டு வந்தார்கள். 2020இல் ராக்கெட்டுக்கும் வெறும் வெடிகளுக்கும் அங்கு தடை வந்தது. 2025இல், பொதுமக்கள் வாணவெடி கொளுத்துவதையே தடுக்கும் சட்டத்தை இரு அவைகளும் நிறைவேற்றின.

நாமும் அப்படித் தடை கேட்கவேண்டுமா? எங்கள் குழுவில் இதுபற்றிக் காரசாரமான விவாதம் நடந்தது. ஒரு நண்பரின் தாயார் சிவகாசியில் பட்டாசுக்குத் திரி பொருத்துபவர். "தடை என்று எழுதினால் என் கையொப்பம் கிடையாது" என்று அவர் சொல்லிவிட்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து வளர்ந்த ஊர் அது. மானாவாரி மண்ணில் வேறு பிழைப்பு அரிது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதையும் அந்த ஊர்தான் தாங்கியது. தவிரவும், வெடிக்காத வெடியும் அவசரத் திரியும் விற்பனைக்கு வருவது ஆலையில் விரைவு வேலை நடக்கிறது என்பதன் அடையாளமே. வாங்குபவரின் கண்ணைக் காக்கும் விதி செய்பவரின் கையையும் காக்கும் என்று நான் வாதிட்டேன். நண்பர் முழுவதும் ஒப்பவில்லை. ஆயினும் கையொப்பம் இட்டார்.

ஆகவே புதிய மனுவில் தடை இல்லை. திரி எரியும் நேரத்துக்கு அளவு, அதைப் பெட்டியில் தமிழில் அச்சிடல், சிறுவர் கையில் நேரே விற்காமை ஆகியவற்றைக் கேட்டிருக்கிறோம். எல்லாவற்றுக்கும் முன்பாக, தீபாவளியை ஒட்டிய பத்து நாட்கள் ஒவ்வோர் அரசு மருத்துவமனையும் பட்டாசுக் காயங்களுக்குத் தனிப் பதிவேடு வைத்து, மாவட்டவாரியாக வெளியிட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம்.

அரசு அதைச் செய்யும்வரை நாங்களே தொடங்குவதென்று முடிவாயிற்று. எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் கண்காணிப்பாளர், காயம்பட்டவரின் பெயரும் முகவரியும் எழுதக்கூடாது என்ற நிபந்தனையுடன் இசைவு தந்துள்ளார். நீளக் குறிப்பேட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறோம்: வயது, காயப்பட்ட உறுப்பு, வெடியின் வகை, கொளுத்தியவரா அருகில் நின்றவரா, அன்றைக்கா மறுநாளா. கடைசிக் கட்டத்தைப் போடச் சொன்னவன் நான்தான். தீபாவளி இரவுக்கும் மறுநாள் காலைக்கும் ஆட்கள் போதவில்லை. வர விரும்புவோர் வேதியியல் துறையில் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.